நிக்கோலா சந்தையில் வாங்கிய அடி

1

பூந்தமல்லியிலிருந்து என் தம்பி மகன் எழுதியிருக்கிறான். அவனும் அவன் கூட்டாளிகளும் கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்களாம். வெள்ளைக்கார நாட்டில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் போடுகிற சந்தையைப் பற்றி எழுதுங்கள் பெரியப்பா என்கிறான். படிக்க வேடிக்கையாக இருக்குமாம்.

வேடிக்கைதான். போன வருஷம் அந்தச் சந்தையில் நான் ஒருவன் பல்லை உடைத்தேன். என் மகன் முகம் கிழிந்தது. அதை விட்டுவிட்டு மிட்டாய்க் கடையைப் பற்றி மட்டும் எழுத எனக்கு வராது.

நான் இருப்பது ஆஸ்திரியா தேசம். சுற்றிலும் மலை. ஊர் சின்னது. பீர் காய்ச்சும் ஆலையில் வண்டிக் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மார்கழி பிறப்பதற்கு முன்பே பனி கொட்ட ஆரம்பித்துவிடும். நிக்கோலா என்று ஒரு சாமியார். அவர் திருநாளை ஒட்டி மாதா கோயில் வாசலில் கடை போடுவார்கள். அதுதான் நிக்கோலா சந்தை.

முதல் நாள் பன்றி வெட்டு. கசாப்புக்காரர்கள் வீட்டு வாசலிலேயே வெட்டுவார்கள். பனி வெள்ளை. அதில் ரத்தம் ஓடினால் தூரத்திலிருந்தே தெரியும். குடலைக் கழுவி அதில் அங்கேயே ஆவி பறக்கக் கறியை நிரப்புவார்கள். மறுநாள் அதே தெருவில் பிள்ளைகள் மிட்டாய் தின்றுகொண்டு போகும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சந்தையில் இஞ்சியும் தேனும் போட்ட ரொட்டி கிடைக்கும். மெழுகுவர்த்தி கிடைக்கும். திராட்சைச் சாராயத்தில் பட்டையும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுப்பார்கள். குளிருக்கு நல்லது. கஷ்கொட்டை என்று ஒரு காட்டுக்கொட்டை, அதை இரும்புச் சட்டியில் வறுப்பார்கள். வாசனை வேர்க்கடலை மாதிரி இருக்காது, சுட்ட சர்க்கரைவள்ளி மாதிரி இருக்கும். ஏசு பிறந்த கொட்டகையை மரத்தில் செதுக்கி விற்பார்கள். குழந்தை, தாய், கழுதை, மாடு. மாட்டுக்குத் திமில் வைக்க மாட்டார்கள். இங்கே எந்த மாட்டுக்கும் திமில் இல்லை.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் கோயில் மணி அடிக்கும். அப்போது கிராம்புஸ் வரும்.

2

கிராம்புஸ் என்பது நிக்கோலா சாமியாரோடு வருகிற பேய். கல்யாணமாகாத பையன்கள் வேஷம் கட்டுவார்கள். ஆட்டுத்தோல், கொம்பு, மரத்தில் செதுக்கிய முகமூடி. இடுப்பில் பெரிய மாட்டு மணிகள். கையில் பிரம்புக்கட்டு அல்லது குதிரைவால் சாட்டை. சாமியார் வெள்ளைத் தாடி ஒட்டிக்கொண்டு முன்னால் போவார். நல்ல பிள்ளைக்கு ஆப்பிள் கொடுப்பார். பின்னால் வருகிறவர்கள் எல்லாரையும் அடிப்பார்கள். பெண்களையும் அடிப்பார்கள். ஜனங்கள் கத்திக்கொண்டு ஓடும். சிரித்துக்கொண்டும் ஓடும். காலில் அடிக்கலாம். கையில் அடிக்கலாம். முகத்தில் அடிக்கக் கூடாது. வேஷக்காரனைத் திருப்பி அடிக்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

நான் முதல் தடவை பார்த்தபோது இது ஒன்றும் தெரியாது. அப்போது நான் சர்க்கஸில் குதிரைக்காரன். பனிக்காலத்துக்குச் சர்க்கஸ் இந்த ஊரில் தங்கியிருந்தது. கூட முனுசாமி. அவன் குமணன்சாவடிக்காரன். யானைக்குத் தீனி போடுகிறவன். இரண்டு பேரும் சந்தையைப் பார்க்கப் போனோம்.

மணி அடித்தது. கூட்டம் சிதறியது. என் முன்னால் ஒன்று வந்து நின்றது. கறுத்த முகம். கீழே தொங்குகிற சிவப்பு நாக்கு. இடுப்பில் மணி. கையில் சாட்டை.

யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. செருப்பைக் கழற்றினேன். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மாசியில் அங்காளம்மன் மயானக்கொள்ளை விடும் நாளில் காளி வேஷம் கட்டினவர் சாட்டையோடு வருவார். எல்லாரும் கையை நீட்டுவோம். விழுகிற அடியில் பிடித்த பீடை போகும். அங்கே ஓடினவனுக்குத்தான் பயம். சேக்காட்டில் என் அப்பா பண்ணையில் வேலை செய்தார். வருஷம் முழுக்கச் சாட்டை பண்ணைக்காரர் கையில் இருக்கும். என் அப்பா முதுகில் விழும். அந்த ஒரு நாள் பண்ணைக்காரரும் கையை நீட்டுவார். என் அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்று நீட்டுவார்.

அதனால் நின்றேன். பேய் திகைத்துப்போனது. அதற்கு முன்னால் யாரும் நின்றதில்லை. அடித்தது. நின்றேன். இன்னொன்று வந்தது. அதுவும் அடித்தது. பிறகு எல்லாம் வந்து சூழ்ந்துகொண்டன. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் பிய்ந்தது. கீழே பனி சிவந்தது. ஓடின ஜனங்கள் திரும்பி வந்து வளையமாக நின்று பார்த்தார்கள். கடைசியில் சாமியாரே தாடியைக் கழற்றிவிட்டுக் கத்தினார். அப்புறம்தான் விட்டார்கள்.

முனுசாமி ஒரு பீப்பாய்க்குப் பின்னாலிருந்து வந்தான்.

"இன்னா மச்சான் இது? பிசாசாண்ட கைய நீட்டிகினு நிக்கிறே?"

"சாமின்னு நெனச்சேன்."

"கொம்பு கீதே, பாக்கல?"

"நாக்கத்தான் பாத்தேன்."

"நல்லா பாத்தே போ. நடுப்பனியில செருப்ப வேற கழட்டிப்புட்டே. சாமிய உடு, கால் வெரலு மிஞ்சுமான்னு பாரு."

கூட்டத்தில் பீர் ஆலை முதலாளி இருந்தார். மறுநாள் ஆள் அனுப்பினார். அவரிடம் ஒரு குதிரை இருந்தது. உதைத்து இரண்டு பேர் இடுப்பை முறித்திருந்தது. அடிக்கு அசையாதவன் அந்தக் குதிரைக்குச் சரியாக இருப்பான் என்றார். அப்படித்தான் எனக்கு இந்த ஊரில் வேலை கிடைத்தது. முனுசாமியும் சர்க்கஸை விட்டுவிட்டுத் தோல் பதனிடும் இடத்தில் சேர்ந்தான். தப்பாகப் புரிந்துகொண்டு வாங்கிய அடி. ஆனால் அதுதான் எனக்கு இங்கே வாசல் திறந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் போனேன். அது சாமி இல்லை என்று தெரிந்த பிறகும் போனேன். ஊரிலும் வேஷம் கட்டினவர் மண்பானை செய்கிறவர்தான். அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் கையை நீட்டினோம்.

3

ஊரை ஏன் விட்டேன் என்று கேட்கிறவர்கள் உண்டு.

பூந்தமல்லியில் பட்டாளம் இருந்தது. சேக்காட்டிலிருந்து நடந்து போய்ப் புல் அறுத்துப் போட்டேன். பிறகு ஒரு துரையின் குதிரையைத் தேய்க்கும் வேலை. ஒரு நாள் சேணத்தின் வார் அறுந்து துரை கரையான்சாவடி ரஸ்தாவில் விழுந்தார். எழுந்து வந்து பூட்ஸ் காலால் என் விலாவில் உதைத்தார். நான் விழுந்த பிறகும் உதைத்தார். மூச்சு விட்டால் உள்ளே குத்தியது. அந்த வாரம் பட்டணத்தில் சர்க்கஸ் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. குதிரைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். விலாவைத் துணியால் கட்டிக்கொண்டு ஏறினேன்.

இங்கே வந்து ரேசியைக் கட்டினேன். ஆலையில் பீப்பாய் கழுவுகிறவள். பையன் பிறந்தான். மாரி என்று பேர் வைத்தேன். பாதிரியார் மார்ட்டின் என்று வைத்தார். அவன் நடக்கப் பழகும்போது பெரிய சண்டை வந்தது. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஒரு பக்கம், இங்கிலீஷ்காரன் ஒரு பக்கம். போலீஸ் வந்து என்னையும் முனுசாமியையும் பிடித்தார்கள்.

"நீங்கள் இங்கிலீஷ்காரர்கள்" என்றார்கள்.

முனுசாமி தன் கையைத் தூக்கி அவர்களுக்குக் காட்டினான். கறுப்பாக இருக்கிறதே, பாருங்கள் என்பது போல. அவர்கள் பார்க்கவில்லை. இங்கிலீஷ் ராஜாவின் பிரஜை, அவ்வளவுதான். துரை என்னை உதைத்தது நான் கறுப்பன் என்பதற்காக. இவர்கள் என்னை அடைத்தது நான் வெள்ளைக்காரன் என்பதற்காக.

முள்வேலிக்குள் சண்டை முடியும் வரை இருந்தோம். பசி. ஒரு ரொட்டிக்கு ஒருவன் இன்னொருவன் காதைக் கடித்துத் துப்பியதைப் பார்த்தேன். செத்தவன் கம்பளியை அவன் சூடு ஆறுவதற்குள் எடுத்தார்கள். நானும் எடுத்திருக்கிறேன்.

திரும்பி வந்தபோது ஆபீஸில் பேர் எழுதினார்கள். குடும்பப் பேர் என்ன என்றான் குமாஸ்தா. எனக்கு அப்படி ஒன்று இல்லை. அப்பா பேர் பொன்னன் என்றேன். அதையே எழுதிவிட்டான். அன்றிலிருந்து ஊரே என்னைப் பொன்னன் என்றுதான் கூப்பிடுகிறது. திட்டும்போதும் பொன்னன்தான். சேக்காட்டை விட்டு வெளியே வராத மனுஷன். இந்தப் பனி நாட்டில் அவருக்கு இத்தனை வசவு.

பையனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டான்.

4

மாரிக்குத் தமிழ் நானும் முனுசாமியும் சொல்லிக் கொடுத்ததுதான். லாயத்தில் பேசுவான். வெளியே பேச மாட்டான். தெருவில் நான் கூப்பிட்டால் ஜெர்மன் பேச்சில்தான் பதில் வரும். அதையும் வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

அவனுக்கு ஒரே ஆசை. கிராம்புஸ் கூட்டத்தில் சேர வேண்டும். இங்கே அதில் இருக்கிறவன்தான் ஊர்ப் பையன். அதில் இல்லாதவனோடு பெண்கள் ஆட மாட்டார்கள். சாராயக் கடையில் பெஞ்சில் நகர்ந்து இடம் விட மாட்டார்கள். கூட்டத்துக்குத் தலைவன் ஹான்ஸ். கசாப்புக்காரர் மகன். கை ஒவ்வொன்றும் பன்றித் தொடை கனம். மாரி கேட்டபோதெல்லாம் அவன் ஒரே பதில் சொல்வான்: "உனக்கு எதற்கு முகமூடி? அப்படியே வா."

மாரி அதற்குச் சண்டை போடுவான். உதடு கிழிந்து வருவான். ரேசி வெந்நீர் வைப்பாள். நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

போன வருஷம் சந்தைக்குச் சில நாள் முன்னால் லாயத்துக்கு வந்தான். நான் குளம்பு சுரண்டிக்கொண்டிருந்தேன். முனுசாமி வைக்கோல் மேல் உட்கார்ந்து புகை பிடித்துக்கொண்டிருந்தான்.

"நைனா, என்ன சேத்துகினாங்க."

"எதுல?"

"ஹான்ஸ் கூட்டத்துல. தோலு, மொகமூடி எல்லாம் குடுத்துட்டான்."

"அப்டி போடு மாப்ளே!" என்றான் முனுசாமி. "என்ன மட்டும் அடிக்காத. நானே ஓடிடறேன்."

மாரி சிரிக்கவில்லை. "ஒண்ணு சொன்னான் நைனா. மொத அடி நாந்தான் போடணுமாம். உனுக்கு."

குளம்பைக் கீழே விட்டேன்.

"போடேன்" என்றேன்.

"மாட்டேன்."

"அப்ப போடாத."

"போடலன்னா தள்ளிடுவானுங்க. நீ ஓடிடு நைனா. இந்த ஒரு தபா. எல்லாரும் ஓடறாங்க இல்ல? நீ ஓடிட்டா நான் தொரத்தற மாரி தொரத்திட்டு உட்டுடுவேன்."

"நான் ஓடினதில்ல."

"தெரியும். ஊருக்கே தெரியும். பொன்னன் நிப்பான் நிப்பான்னு வருசா வருசம் பாக்க வராங்க. குரங்கு வித்த பாக்கற மாரி. அது உனுக்குத் தெரியல."

முனுசாமி சுருட்டை நசுக்கினான். "புள்ள கேக்குது, ஓடேன் மச்சான். இன்னா, காலு தேஞ்சா பூடும்? நான் வருசா வருசம் ஓடறேன். ஒரு கொறையும் இல்ல. சந்தையைச் சுத்தி வந்து சாராயக் கடையாண்ட நிக்கும். சௌகரியம்."

நான் அடுத்த குளம்பைத் தூக்கினேன். மாரி கதவை உதைத்துக்கொண்டு போனான். குதிரைகள் மிரண்டன.

அன்று சாப்பிடும்போது ரேசி சொன்னாள்: "உன் அம்மன் அங்கே இருக்கிறாள். பையன் இங்கே இருக்கிறான்."

அவளுக்கு அவ்வளவு பேசினாலே அதிகம். ஓடுவது என்று முடிவு செய்தேன்.

5

சந்தை அன்று பனி நின்றிருந்தது. கடைகளில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். இந்தத் தடவை பூட்ஸைக் கழற்றவில்லை. அதன் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். முனுசாமி கஷ்கொட்டைச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எந்தச் சந்து வழியாக ஓடலாம் என்று காட்டினான். ஓட்டத்தில் அவன் எனக்கு மூத்தவன்.

மணி அடித்தது. அவர்கள் கோயில் பக்கத்திலிருந்து வந்தார்கள். முதலில் சத்தம்தான் வரும். அத்தனை மாட்டு மணியும் ஒன்றாக ஓடினால் வண்டி கவிழ்வது போல இருக்கும். ஜனங்கள் அலறினார்கள். நான் திரும்பினேன். ஓட ஆரம்பித்தேன்.

நான்கு எட்டு வைத்திருப்பேன். முன்னால் நின்றவர்கள் வழி விடவில்லை.

"பொன்னன்! எங்கே போகிறாய்?"

"நில்லு பொன்னன்!"

பீப்பாய் உருட்டுகிறவர்கள், ரொட்டிக்காரர், பாதிரியார் வீட்டுச் சமையல்காரி. எல்லாம் தெரிந்த முகம்தான். சிரித்துக்கொண்டே என்னைத் தோளில் பிடித்துத் திருப்பினார்கள். வளையம் போட்டுவிட்டார்கள். எல்லாரும் ஓடலாம். நான் ஓடக் கூடாது. அது அப்போதுதான் புரிந்தது.

நின்றேன். கையை நீட்டினேன்.

கூட்டத்தில் மாரி எது என்று எனக்கு உடனே தெரிந்தது. முகமூடியோடு தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தயக்கம் வந்தால் அவன் அப்படித்தான் நிற்பான். ஹான்ஸ் அவனை முதுகில் தள்ளினான். மாரி வந்தான். குதிரைவால் சாட்டையை ஓங்கினான். என் கையில் விழுந்தது. ஈ ஓட்டுவதைப் போல விழுந்தது.

ஜனங்கள் சிரித்தார்கள். "தடவிக் கொடுக்கிறான்!" என்று யாரோ கத்தினார்கள்.

"ஓங்கிப் போடுடா" என்று நான் தமிழில் சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். நல்ல அடியாக ஒன்று விழுந்தால் அவனுக்கு எல்லாம் முடிந்துவிடும்.

மறுபடி ஓங்கினான். கை பாதியில் நின்றுவிட்டது.

ஹான்ஸ் வந்தான். மாரி கையிலிருந்து சாட்டையைப் பிடுங்கினான். கொம்பைப் பிடித்து இழுத்து மாரியின் முகமூடியைக் கழற்றி வீசினான். பையன் முகம் வேர்த்திருந்தது. அவனை இழுத்து எனக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

"அப்பனும் மகனும்" என்றான் ஹான்ஸ். முகமூடிக்குள்ளிருந்து சொன்னான். "இரண்டு கறுப்பும் நில்லுங்கள்."

மாரி ஓடியிருக்கலாம். அவன் பக்கத்தில் வழி இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஹான்ஸைப் பார்த்தான். தன் இரண்டு கையையும் நீட்டினான்.

சந்தையில் சத்தம் அடங்கியது. சட்டியில் கஷ்கொட்டை மட்டும் வெடித்துக்கொண்டிருந்தது.

ஹான்ஸ் அடித்தான். விளையாட்டு அடி இல்லை. மாட்டை வீழ்த்துகிறவன் தோளிலிருந்து வந்த அடி. மாரியின் உள்ளங்கை பிளந்தது. கை இறங்கவில்லை. இன்னொன்று. மணிக்கட்டில். இறங்கவில்லை. யாரோ ஒரு பையன் முகமூடிக்குள் "நிற்கிறானடா" என்றான். மூன்றாவதை ஹான்ஸ் முகத்தில் போட்டான்.

கண்ணுக்குக் கீழே தோல் திறந்தது. ரத்தம் தாடைக்கு வந்து ஆட்டுத்தோலில் சொட்டியது. அப்போதும் பையன் கை நீட்டியபடியே இருந்தது.

நான் எத்தனையோ அடி பார்த்தவன். அம்மன் அடி எனக்குத் தெரியும். பண்ணை அடியும் தெரியும். இது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்து ஓங்கிய சாட்டையை நடுவில் பிடித்தேன். குதிரைக்காரனுக்கு அது பழக்கம். முஷ்டியில் சுற்றி இழுத்தேன். ஹான்ஸ் என் மேல் வந்து விழுந்தான். முகமூடியோடு சேர்த்து என் நெற்றியால் மோதினேன். மரம் பிளந்தது. உள்ளே வாய் தெரிந்தது. அந்த வாயில் முழங்கையால் குத்தினேன். பல் போனது கையில் தெரிந்தது. அவன் ரொட்டிக் கடை மேல் சரிந்தான். கடை கவிழ்ந்தது. கொம்பைப் பிடித்து அவன் தலையைப் பனியில் அழுத்தினேன். விட மனம் வரவில்லை.

மற்றவர்கள் என் மேல் பாய்ந்தார்கள். மணிப்பட்டையால் ஒருவன் முதுகில் அடித்தான். பிரம்பு, பூட்ஸ், கொம்பு, எல்லாம் விழுந்தது. அந்தப் பழைய விலா மறுபடி போனது. அப்போது ஒரே அலறல். முனுசாமி கஷ்கொட்டைச் சட்டியைக் கொள்ளிக்கட்டையோடு தூக்கி அவர்கள் மேல் கவிழ்த்திருந்தான். ஆட்டுத்தோல் பொசுங்கி நாறியது.

"வாங்கடா டேய்! குமணன்சாவடிடா நானு! ஓடுறவன்னு நெனச்சியா?" என்று வெறுஞ்சட்டியைச் சுழற்றினான்.

நிக்கோலா சாமியார் இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டே இருந்தார். போலீஸ்காரர் வந்து துப்பாக்கிக் கட்டையால் என் கழுத்தில் போட்டபோதுதான் ஹான்ஸின் கொம்பை விட்டேன்.

6

ஸ்டேஷனில் போலீஸ்காரர் கேட்டார்: "வருஷா வருஷம் நின்றவன்தானே நீ? இந்த வருஷம் என்ன வந்தது?"

"முகத்தில் அடித்தான்."

"உன் முகத்தில் காயம் இல்லையே."

"என் முகத்தில் இல்லை."

அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு பூட்டிவிட்டுப் போனார். முனுசாமி பக்கத்து அறையிலிருந்து, "மச்சான், கெலிச்சோமா?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன்.

மறுநாள் விட்டார்கள். வேலையை விட்டு நீக்கவில்லை. அந்த உதைக்கிற குதிரைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

வீட்டில் மாரி உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் தையல். இரண்டு கையிலும் துணி. ரேசி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"வலிக்குதா?" என்றேன்.

"எதுக்கு வந்தே?" என்றான்.

"இன்னா?"

"நான் நின்னுகினு இருந்தேன் இல்ல? ஓடினேனா? கத்தினேனா? இன்னும் ரெண்டு அடி. அத்தோட முடிஞ்சிருக்கும். அவனே உட்டுட்டிருப்பான். பசங்க எல்லாம் பாத்துகினு இருந்தாங்க. என்ன அவங்க சேத்துகினு இருப்பாங்க நைனா. நீ பூந்து கெடுத்துட்டே."

"மொகத்துல அடிச்சான்டா."

"என் மொகம்தான?"

அதற்கு எனக்கு ஒன்று சொல்ல இருந்தது. அது சாமி அடி இல்லை, அதற்கு நிற்கக் கூடாது என்று. ஆனால் அவன் சாமிக்காக நிற்கவில்லை. அந்தப் பையன்களுக்காக நின்றான். நான் நின்றதற்கு எனக்குக் குதிரை கிடைத்தது. அவன் நின்றதற்கு அவனுக்கு ஒன்று கிடைக்க இருந்தது. நான் அதை உடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் என்னோடு தமிழ் பேசவில்லை. வைக்கோல் கொண்டு வா என்றால் கொண்டு வருவான். வைத்துவிட்டுப் போவான். பனிக்காலம் போனது. தையல் காய்ந்து வெள்ளைக் கோடு ஆனது. அவன் கூட்டத்துப் பையன்கள் பக்கம் போகவில்லை. அவர்களும் வரவில்லை. முனுசாமி மட்டும் அவனிடம் போய்ப் பேசிப் பார்த்தான். "உங்கப்பன் மாரியே கீறேடா, வாயே தொறக்க மாட்டேன்றே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

7

இந்த வருஷம் பன்றி வெட்டு நடந்த அன்று ஹான்ஸ் லாயத்துக்கு வந்தான். பின்னால் அவன் கூட்டம். எல்லார் கையிலும் உறைந்த ரத்தம். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார்கள். நான் வைக்கோல் வாரும் கவர்க்கட்டையைக் கையில் எடுத்தேன்.

ஹான்ஸ் கையைக் காட்டினான். வேண்டாம் என்று. பேசும்போது முன்பல் இருந்த இடத்தில் காற்று போனது.

"பையன்கள் விடமாட்டேன் என்கிறார்கள்" என்றான். "மார்ட்டின் நின்றான். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அவன் வரலாம்."

மாரி மேலே பரண் மேல் வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தான். தள்ளுகிற சத்தம் நின்றது.

"ஆனால் நீ வரக் கூடாது" என்றான் ஹான்ஸ். "சந்தை மாலையில் அந்தப் பக்கமே வரக் கூடாது. இனி எந்த வருஷமும். வேஷக்காரனை அடித்தவனுக்கு அங்கே இடம் இல்லை. அது எங்கள் சட்டம்."

மேலே பார்க்கவில்லை நான். பார்த்தால் பையன் என்னைக் கேட்பது போல ஆகிவிடும்.

"நான் வராவிட்டால் அவன் முகத்தில் கை படாது. அதுவும் சட்டமா?" என்றேன்.

ஹான்ஸ் நாக்கால் ஈறைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அது எப்போதும் சட்டம்தான்" என்றான்.

"சரி" என்றேன்.

அவர்கள் போனார்கள். முனுசாமியிடம் சொன்னேன். "ஐயே, என்ன ஒண்ணும் சொல்லலியா? சட்டி கவுத்தவன் நானு!" என்று அவனுக்கு வருத்தம். அவனுக்குத் தடை இல்லை. அவன் ஓடலாம்.

நேற்று சந்தை. இருட்டுவதற்கு முன்னால் மாரி ஆட்டுத்தோல் போட்டுக்கொண்டு லாயத்துக்குள் வந்தான். கையில் மணிப்பட்டை. அது கனம். முதுகில் பூட்டு. தனியாகப் போட்டுக்கொள்ள முடியாது. கூட்டத்துப் பையன்கள் ஒருவருக்கொருவர் கட்டிவிடுவதுதான் வழக்கம். அவர்கள் தெருமுனையில் நின்றிருந்தார்கள். அவன் இங்கே வந்தான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"கட்டு நைனா."

கட்டினேன். தோல் புதிது. வார் விறைப்பாக இருந்தது.

"லூசா கீது. இன்னும் இஸ்து கட்டு."

முழங்காலை அவன் இடுப்பில் கொடுத்து இழுத்தேன். சேணம் இழுப்பதைப் போல. அவன் மூச்சை விட்டு இடம் கொடுத்தான். கொக்கி விழுந்தது.

"போதுமா?"

"போதும்."

குனிந்து முகமூடியை மாட்டிக்கொண்டான். கன்னத்துக் கோடு மறைந்தது. என் பக்கம் திரும்பினான்.

"எப்டி கீறேன்?"

"பயமா கீது" என்றேன்.

முகமூடிக்குள் சிரித்தான். பிறகு சாட்டையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினான்.